திருச்சி வாசலில் கால்நடை மருத்துவர் எங்கே?

2023 ஜூலை 30. கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கிய பயணி ஒருவரின் தள்ளுபெட்டியைச் சுங்கத்துறையினர் திறந்து பார்த்தார்கள். உள்ளே துளை போட்ட டப்பாக்கள். டப்பாக்களுக்குள் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். வனத்துறைக்குத் தகவல் போனது. அவர்கள் வந்து பெற்றுக்கொண்டார்கள். வந்த நாட்டுக்கே அவற்றைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு தொடங்கியது. மறுநாள் நாளிதழ்களில் படத்தோடு செய்தி வந்தது. இரண்டு நாள் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம்.

பாம்பு என்பதால் பேசினோம். அதே வாசலில் பிடிபட்ட சிவப்புக் காது ஆமைக்குஞ்சுகளைப் பற்றி அந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை. தீப்பெட்டி அளவுள்ள குஞ்சுகள் ஒரே பிடியில் ஆயிரக்கணக்கில் அகப்பட்டிருக்கின்றன. பிடிபட்டவை இவ்வளவு என்றால் பிடிபடாமல் போனவை எந்த ஊர் எந்த வீட்டுத் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கின்றன?

இதைப் பொன்னமராவதியில் உட்கார்ந்து ஏன் எழுத வேண்டும் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். திருச்சி விமான நிலையம் நமக்கு இரண்டு மணி நேரத் தொலைவு. இந்தத் தாலுகாவில் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ ஆள் அனுப்பாத தெரு இல்லை. வெளிநாடு நமக்குத் திருச்சி வழியாகத்தான் வருகிறது. பணமும் வருகிறது, கைபேசியும் தைலமும் சாக்லெட்டும் வருகின்றன. இப்போது உயிருள்ள விலங்குகளும் வருகின்றன. நகை, மின்சாதனம் கொண்டுவரக் கூலிக்குப் பயணம் போகிறவர்களைக் 'குருவி' என்று சொல்கிறோமே, அந்தக் குருவிகளின் பெட்டிகளில் உயிர்ச்சரக்கும் ஏறிவிட்டது.

சட்டப்படி வெளிநாட்டு நாயோ பூனையோ பறவையோ இந்தியாவுக்குள் இறங்கக்கூடிய விமான நிலையங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, ஹைதராபாத், பெங்களூரு. 2024-இல் கொச்சி சேர்ந்தது. திருச்சி சேரவில்லை. மத்திய அரசின் கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறையின் கீழ் இயங்கும் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம் தமிழ்நாட்டுக்கென்று இருப்பது சென்னைப் பள்ளிக்கரணையில். அங்கே கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், கூண்டும் கொட்டகையும் இருக்கின்றன, எந்த நாட்டில் எந்த நோய் பரவுகிறது என்று பார்த்துச் சொல்லும் பழக்கம் இருக்கிறது. பொன்னமராவதியிலிருந்து அந்த நிலையம் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால்.

ஆகவே சிங்கப்பூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறவர், அங்கே வளர்த்த நாயை முறைப்படி கொண்டுவர நினைத்தால், திருச்சி விமானத்தை விட்டுவிட்டுச் சென்னைக்குச் சீட்டு எடுக்க வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி, அந்த நாட்டு அரசு மருத்துவரின் சான்று, புறப்படுமுன் பள்ளிக்கரணையின் அனுமதிக் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டியவைதான், குறை சொல்ல மாட்டோம். ஒழுங்காக நடக்க நினைக்கிறவருக்கு இத்தனை தூரமும் இத்தனை காகிதமும். டப்பாவில் துளை போட்டு ஆமையை அடைத்துக்கொண்டு வருகிறவருக்கோ வழியில் நிற்பது ஒரே ஒரு எக்ஸ்ரே இயந்திரம். அதைத் தாண்டிவிட்டால் புதுக்கோட்டைச் சாலையில் அவரை நிறுத்தி, 'உன் பெட்டியில் இருக்கும் உயிருக்கு நோய் இருக்கிறதா' என்று கேட்க ஒருவரும் இல்லை.

பிடிபட்டால் மட்டும் என்ன? சுங்கத்துறைக்குத் தங்கம் பிடிக்கத் தெரியும். வனத்துறைக்குப் பாம்பைப் பிடித்துப் பையில் போடத் தெரியும். இரண்டு துறையின் வேலையையும் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பாம்பின் செதிலுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை எடுத்து, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, இது எந்த வகை, இதன் வயிற்றில் என்ன கிருமி என்று பார்க்க வேண்டியது வேறொருவரின் வேலை. அவருக்குத் திருச்சியில் நாற்காலி போடவில்லை. ரூ.1,100 கோடிக்கு மேல் செலவிட்டுக் கட்டிய புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. கோபுரச் சிற்பமும் வண்ண ஓவியமுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. விலங்குகளைச் சோதிக்க அதில் ஓர் அலுவலகம் இல்லை.

ஆமைக்கும் நம் ஆட்டுப்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஆப்பிரிக்க நில ஆமைகளை வீட்டுப் பிராணியாக வளர்ப்பது ஒரு காலத்தில் பெருகியது. ஓட்டில் சிறுத்தைப் புள்ளி உள்ள ஆமை, சுல்கட்டா எனப்படும் பெரிய ஆமை இவையெல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வந்தன. ஆமை தின்னும், தூங்கும், யாரையும் கடிக்காது. அதன் கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் ஆப்பிரிக்க உண்ணி ஒட்டிக்கொண்டு வந்தது. 1990களின் இறுதியில் அந்த உண்ணிகளைச் சோதித்தபோது ஒரு சரக்கில் வந்த உண்ணிகளில் 'ஹார்ட்வாட்டர்' என்ற நோயின் கிருமி இருந்தது. அது ஆமையை ஒன்றும் செய்யாது. மாட்டையும் வெள்ளாட்டையும் செம்மறியையும் கொல்லும். நெஞ்சுக்கூட்டில் நீர் கோத்துச் சாகும் நோய் அது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண் துறை அந்த வகை ஆமைகளின் இறக்குமதிக்கே தடை போட்டது. பிராணிப் பிரியர்கள் வருந்தினார்கள். மாடு வளர்ப்பவர்கள் தப்பித்தார்கள். அங்கே ஆமை மேலிருந்த உண்ணியை எடுத்துப் பார்க்க ஒருவர் இருந்தார், அதனால் தப்பித்தார்கள்.

அதே சுல்கட்டா ஆமை இன்று தமிழ்நாட்டு நகரங்களில் பணக்கார வீட்டுத் தோட்டங்களில் கீரை மேய்கிறது. இங்கே பிறந்ததா, பெட்டியில் வந்ததா, யார் பார்த்தார்கள்?

உண்ணி என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கிடை போடுகிறவர்களிடம் கேளுங்கள். ஆட்டின் காதுமடலிலும் வாலடியிலும் உண்ணி பொறுக்குவது இங்கே அன்றாட வேலை. நம் மண்ணின் உண்ணிக்கும் அது கொண்டுவரும் காய்ச்சலுக்கும் நம் ஆடு மாடுகள் ஓரளவு பழகிவிட்டன. பழகாத ஓர் உண்ணி வந்து, நம் ஊர் வெயிலும் புல்லும் பிடித்துப்போய்த் தங்கிவிட்டால் என்ன ஆகும்? புதுக்கோட்டை மாவட்டம் ஆட்டுக்குப் பேர்போன மாவட்டம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருடங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது நெல் அல்ல, ஆடுதான். புதுக்கோட்டை சந்தைப்பேட்டையில் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கைமாறும் ஆடுகளில் எத்தனை பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, எத்தனை காதுகுத்தும் சீரும் இருக்கிறது என்று அந்தச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சந்தை என்பது நோய்க்கும் சந்தைதான். திருச்சியில் நுழைந்த கிருமி ஒரு பட்டிக்குள் போய்விட்டால், ஒரு வெள்ளிக்கிழமை போதும், நான்கு மாவட்டங்களுக்குப் பரவிவிடும்.

கற்பனையில் பயமுறுத்துவதாக எண்ண வேண்டாம். இது தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய் என்று இன்று தடுப்பூசி போடுகிறோமே, அது இந்த நாட்டின் பழைய நோய் அல்ல. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் அடையாளம் கண்ட நோய். இந்தியாவில் முதலில் அது பதிவானது டெல்லியிலோ மும்பையிலோ அல்ல. 1987-இல், நம் தமிழ்நாட்டில், விழுப்புரத்தை அடுத்த அரசூர் கிராமத்தில். பிறகு சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவியது. மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து ஒரே வாரத்தில் பட்டி காலியான கதையை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்த அரசூர் கிருமியை வைத்தே நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. 'அரசூர் 87' என்றுதான் அதற்குப் பெயர். பெருமைப்பட வேண்டிய வேலைதான். ஆனாலும் ஒரு கிராமத்தின் பெயர் தடுப்பூசியில் நிலைத்திருப்பது அந்தக் கிராமத்து ஆடுகள் செத்ததால்.

மாட்டுக்கு வந்த தோல் கழலை நோய் இன்னும் அண்மையது. 1929-இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் தோன்றியது, 2019-இல் ஒடிசாவில் காலடி வைத்தது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தொடங்கிய அலையில் நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. நம் பக்கத்திலும் உடம்பெல்லாம் கொப்புளமாய் நின்ற மாடுகளைப் பார்த்தோம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். கோமாரி வந்தால் என்ன செய்வது என்று நமக்குத் தெரியும். இது என்னவென்றே முதலில் தெரியவில்லை. தெரியாத நோய் வந்தால் முதல் வாரம் முழுக்கத் தவறான வைத்தியத்திலேயே போய்விடும். அந்த ஒரு வாரத்துக்குத்தான் நாம் பெரும் விலை கொடுக்கிறோம்.

விலங்குத் தனிமைப்படுத்தலின் வரலாற்றிலேயே இந்திய மாட்டுக்கு ஓர் இடம் உண்டு. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நிறுத்தப்பட்டன. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. துறைமுகத்தில் சரியான கண்காணிப்பு இல்லாததால் பெல்ஜியத்து மாடுகள் விழத் தொடங்கின. ஐரோப்பா அலறியது. மறு ஆண்டே பாரிசில் மாநாடு கூட்டினார்கள். 1924 ஜனவரி 25-இல் 28 நாடுகள் கையெழுத்திட்டு உலக அளவில் கால்நடை நோய்களுக்கென்று ஓர் அமைப்பை உருவாக்கின. இன்றைக்கு உலக விலங்கு சுகாதார அமைப்பு என்று அழைக்கப்படுவது அதுதான். நாட்டிலிருந்து நாட்டுக்குப் போகும் நாய்க்கும் குதிரைக்கும் இன்று கேட்கப்படும் சான்றிதழ்களின் மூலம் அங்கே இருக்கிறது. ஒரு கப்பலில் போன நம் ஊர் மாடுகளை ஒருவர் சரியாகப் பார்க்காமல் விட்டதால் உலகமே சட்டம் எழுதியது.

அந்த வெக்கை நோயை இந்தியா விரட்ட எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆனது. ராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் தயாரான தடுப்பூசிகளை ஐஸ் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன கால்நடை ஆய்வாளர்களை நம் முந்தைய தலைமுறை பார்த்திருக்கிறது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகப் பதிவானது 1995-இல், நம் வட ஆற்காடு பகுதியில். 2011-இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு உலகம் முழுதும் ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் அது. அத்தனை பேர் அத்தனை ஆண்டு உழைத்து ஒரு நோயை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாம் பக்கத்துக் கதவைத் திறந்து போட்டிருக்கிறோம்.

மனிதர்களுக்கு வரும் ஆபத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். 2003-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டிலிருந்து அமெரிக்காவுக்கு வீட்டுப் பிராணி வியாபாரத்துக்காகச் சுமார் 800 சிறு விலங்குகள் வந்தன. அவற்றில் இருந்த பெரிய எலிகளிடமிருந்து கடையில் பக்கத்துக் கூண்டில் இருந்த புல்வெளி அணில்களுக்குக் குரங்கம்மை தொற்றியது. அந்த அணில்களை வாங்கிக் கொஞ்சியவர்களில் 47 பேருக்கு நோய் கண்டது. குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நம் கடைகளில் சாதாரணமாக விற்கும் சிவப்புக் காது ஆமைக்குஞ்சு பார்க்க அழகுதான். அதன் தோலிலும் தொட்டித் தண்ணீரிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கும். குழந்தைகள் குஞ்சை வாயில் வைத்து வைத்துக் கடும் வயிற்றுப்போக்கில் விழுந்ததால் 1975-லேயே அமெரிக்கா நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்கத் தடை விதித்தது. அங்கே விற்கக் கூடாதது இங்கே பிறந்தநாள் பரிசாக வாங்கித் தரப்படுகிறது. வாஸ்துக்கு நல்லது என்று வரவேற்பறையில் வைக்கிறவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டு விலங்குகளை உள்ளே விடுவதைக் கட்டுப்படுத்தும் நம் அடிப்படைச் சட்டம் 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம். வெள்ளைக்காரன் தன் குதிரைப் படைக்காகப் போட்ட சட்டம் என்று சொல்லும்படியாகத்தான் அதன் சொற்கள் இருக்கின்றன. கால்நடை என்றால் குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி என்று தொடங்குகிறது. மற்றவற்றை மத்திய அரசு அறிவிக்கை மூலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொற்றுநோய் என்றால் உண்ணி, அடைப்பான், குதிரைச் சீழ்நோய், சொறி என்று தொடங்குகிறது. உண்ணியை முதலில் எழுதியவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். 2001-இல் இறைச்சி, தோல் போன்ற பொருட்களையும் சேர்த்துத் திருத்தினார்கள். அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு நம் மாநில அரசுக்கு நேரடியாக அதிகாரம் தருகிறது. இறக்குமதியான விலங்கை நிறுத்தி வைக்க, சோதிக்க, கிருமி நீக்க, தேவையானால் அழிக்க விதிகள் போடலாம். அந்த விதிகளை மீறினால் விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆயிரம் ரூபாய். 1898-இல் அது பெரிய தொகை. இன்று ஒரு கடாக்குட்டியின் காலைக்கூட வாங்க முடியாது.

கடத்தி வந்தவர்மீது சுங்கச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் பாயும் என்பது உண்மை. அவை கடுமையானவையும்கூட. ஆனால் அவை கேட்கும் கேள்வி வேறு. வரி கட்டினாயா, உரிமம் வாங்கினாயா, இது அரிய இனமா என்று கேட்கின்றன. இதற்கு நோய் உண்டா என்று கேட்பதில்லை. 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின்படி, அரிய வெளிநாட்டு விலங்குகளை வீட்டில் வைத்திருப்பவர்கள் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது. நல்ல விதி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, பந்து மலைப்பாம்பு, பச்சை இகுவானா எல்லாம் அதில் வரும். குட்டி போட்டால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பட்டியல் காட்டில் ஓர் இனம் அழிந்துவிடுமோ என்ற கவலையில் போட்டது. நம் பட்டியில் ஓர் இனம் அழிந்துவிடுமோ என்ற கவலைக்கு அதில் பத்தி இல்லை. காட்டில் கோடிக்கணக்கில் இருக்கும் ஓர் எலி எவ்வளவு கிருமியைச் சுமந்து வந்தாலும் அந்தப் பட்டியல் கண்டுகொள்ளாது.

ஒரு ஆமை திருச்சியில் இறங்கினால் அதன்மேல் எத்தனை கை படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெட்டியைத் திறக்கும் சுங்கத்துறை நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டு வர்த்தக இயக்ககத்தின் உரிமம் வணிக அமைச்சகத்தின் கையில். அரிய இனமா என்று பார்ப்பது சுற்றுச்சூழல் அமைச்சகம். நோயைப் பார்க்க வேண்டியது கால்நடை அமைச்சகம். ஆமையைத் தூக்கிச் செல்வது மாநில வனத்துறை. கடைசியில் நோய் வந்தால் ஊசியோடு ஓடி வருவது நம் ஊர் அரசு கால்நடை மருத்துவர். அவருக்கோ அந்த ஆமை வந்ததே தெரியாது. இத்தனை பேரில் எவரையும் சோம்பேறி என்று நாம் சொல்லவில்லை. ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்குவதற்கு எழுதி வைத்த ஒழுங்கு இல்லை என்பதுதான் குறை.

இந்த ஒழுங்கின்மை எப்படி இருக்கும் என்பதைச் சென்னைத் துறைமுகம் 2020 பிப்ரவரியில் காட்டியது. சீனாவிலிருந்து வந்த சரக்குப் பெட்டகத்துக்குள் ஒரு பூனை. பல நாள் கடல் பயணத்தில் எப்படியோ பிழைத்திருந்தது. கொரோனா அச்சம் தலைதூக்கிய நேரம். திருப்பிச் சீனாவுக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். விலங்கு ஆர்வலர்கள் கூடாது என்று போராடினார்கள். நாடு முழுதும் செய்தியானது. ஒரே ஒரு பூனை. தனிமைப்படுத்தல் நிலையம் உள்ள ஊரிலேயே இத்தனை இழுபறி. நிலையமே இல்லாத திருச்சியில் இரவு இரண்டு மணிக்குப் பெட்டி பெட்டியாக ஆமை பிடிபட்டால், அங்கே பணியில் இருக்கும் சுங்க அதிகாரி யாருக்குத் தொலைபேசி செய்வார்? சென்னையிலோ 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் ஆப்பிரிக்கக் குரங்கு ஒன்றும், பாம்புகளும், ஆல்டப்ரா ஆமைகளும் இருந்தன. தாய்லாந்துக்கே அனுப்பிவைத்தார்கள். குரங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோய்கள் எத்தனை என்று மருத்துவம் படித்த எவரையும் கேட்கலாம்.

நம் நாயைப் பிற நாடுகள் எப்படிப் பார்க்கின்றன என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நாயை நேராக அனுப்ப முடியாது. அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறொரு நாட்டில் மாதக்கணக்கில் இருந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். 2015-இல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு நாய்கள் தனி விமானத்தில் அறிவிக்காமல் வந்தன என்று தெரிந்ததும், நாட்டை விட்டு அனுப்பு, இல்லையேல் கொன்றுவிடுவோம் என்று அந்நாட்டு அமைச்சரே எச்சரித்தார். 2021-இல் வெறிநோய் அச்சத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் நாய்களை அமெரிக்கா தடுத்து நிறுத்தியது. அதில் இந்தியாவும் ஒன்று. அவர்களுக்கு இருப்பது கடுமையோ ஆணவமோ அல்ல. தம் பட்டியைக் காப்பாற்றிக்கொள்ளும் கவலை. அதே கவலை நமக்கும் இருக்கக் கூடாதா?

எனவே கேட்கிறோம். திருச்சி விமான நிலையத்தில் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் கிளை ஒன்று வேண்டும். கொச்சிக்குக் கிடைத்தது, கேட்டதால் கிடைத்தது. பெரிய கட்டடம் தேவையில்லை. ஒரு சோதனை அறை, சில கூண்டுகள், குளிர்பெட்டி, மாறி மாறிப் பணியில் இருக்கும் கால்நடை மருத்துவர்கள் போதும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பேராசிரியர்களும் ஆய்வகமும் இருக்கின்றன. எந்த உயிர் பிடிபட்டாலும் திருப்பி அனுப்புவதற்கு முன் அதன் இரத்தம், உண்ணி, எச்சம் ஆகியவற்றின் மாதிரி எடுக்கப்பட வேண்டும். சந்தேகம் இருந்தால் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். முடிவு வெளியிடப்பட வேண்டும். 'பாம்பு பிடிபட்டது' என்று படத்தோடு செய்தி வருகிறது. அதன் பரிசோதனை முடிவையும் அப்படி வெளியிட என்ன தடை?

மாநில அரசு 1898 சட்டம் தந்த அதிகாரத்தைக் கையில் எடுக்க வேண்டும். அபராதத்தை உயர்த்துவது நாடாளுமன்றத்தின் வேலை. நம் மக்களவை உறுப்பினர்கள் அங்கே அதைப் பேச வேண்டும். ஆனால் நிறுத்தி வைப்பதற்கும் சோதிப்பதற்கும் விதி எழுத யாரையும் கேட்க வேண்டியதில்லை. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டம் தனிமை முகாம்களும் சோதனைச் சாவடிகளும் அமைக்க வழி சொல்கிறது. நோய் கண்ட விலங்கின் உரிமையாளர் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிடமோ சொல்ல வேண்டும், அவர்கள் கால்நடை மருத்துவருக்கு எழுத வேண்டும் என்கிறது. அந்தக் கடமை தமக்கு உண்டு என்று நம் தாலுகாவில் எத்தனை ஊராட்சித் தலைவர்களுக்குத் தெரியும்? மாவட்ட ஆட்சியர் ஒரு குறைதீர் நாளில் இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். பிராணிக் கடைகளைப் பதிவு செய்யவும், எங்கிருந்து வாங்கினார்கள் என்ற கணக்கேட்டை வைக்கவும் 2018 விதிகள் இருக்கின்றன. அந்த ஏட்டை யாராவது ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கால்நடைத் துறையில் ஆள் போதவில்லை என்றால், ஆள் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி நியமியுங்கள். ஊசி போடவும் சினை ஊசிக்கும் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குச் சான்று தரவும் ஓடிக்கொண்டிருக்கும் அதே மருத்துவர் தலையில் இதையும் கட்டுவது அவருக்கும் அநியாயம், நமக்கும் அநியாயம்.

ஜல்லிக்கட்டைச் சொன்னதால் ஒன்று. தமிழ்நாட்டிலேயே அதிகமாக வாடிவாசல் திறக்கும் மாவட்டங்களில் நம்முடையது முன்னால் நிற்கிறது. 2019-இல் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகள் இறங்கின. காளைக்கு மருத்துவப் பரிசோதனை இல்லாமல் வாடிவாசலில் விட மாட்டோம். கொம்பைப் பார்க்கிறோம், பல்லைப் பார்க்கிறோம், கண்ணில் எரிச்சல் உண்டா என்று பார்க்கிறோம். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற உரிமை என்பதால் அந்தக் காளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பதறுகிறோம். இத்தனை காளைகள் ஒரே நாளில் ஒரே இடத்தில் மூச்சோடு மூச்சு உரசி நிற்கும் இன்னொரு இடம் நாட்டில் எங்கே இருக்கிறது? வெளிநாட்டு நோய் ஒன்று நுழைந்தால் அது முதலில் பலி கேட்பது இங்கேயாகத்தான் இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் உரிமையோடு சொல்கிறோம். அடுத்த பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் திருவிழாவுக்கு வரும்போது யாரோ கொடுத்தனுப்பும் டப்பாவைப் பெட்டியில் வைக்காதீர்கள். உள்ளே மிட்டாய் என்பார்கள், மீன் தீனி என்பார்கள். பிடிபட்டால் உங்கள் கடவுச்சீட்டு போகும். பிடிபடாவிட்டால் உங்கள் சித்தப்பாவின் பட்டி போகும். வளர்த்த நாயைக் கொண்டுவர வேண்டுமானால் பள்ளிக்கரணைக்கு எழுதுங்கள், சென்னை வழியாக வாருங்கள். சிரமம்தான். அந்தச் சிரமத்தைக் குறைக்கத்தான் திருச்சியில் நிலையம் கேட்கிறோம்.

வீட்டில் ஏற்கெனவே ஆமைக்குஞ்சு வாங்கி வைத்திருப்பவர்கள் அது தட்டளவு வளர்ந்ததும் சலித்துப்போய் அமரகண்டான் குளத்திலோ பக்கத்து ஊருணியிலோ விட்டுவிடாதீர்கள். பாவம் என்று நினைத்து விடுவீர்கள். அது அங்கே நம் ஊர் ஆமையைத் தின்னவிடாது, தானும் போகாது. பொன்னமராவதி வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். ஆட்டிலோ மாட்டிலோ இதுவரை பார்க்காத உண்ணியைக் கண்டால் நசுக்கிப் போட வேண்டாம். ஒரு சின்ன புட்டியில் போட்டு மூடி, ஆட்டையும் ஓட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 1962-க்கு அழையுங்கள், வண்டி வீடு தேடி வரும்.